கம்பியில்லா மைக்குக்கு எந்த பேட்டரி?

மண்டபம், பாம்பன் பக்கம் திருவிழாக்களுக்கு மைக் செட் போடுகிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஆல்கலைன் செல் புதிதில் 1.5 வோல்ட் தரும். பிறகு மெல்ல மெல்ல இறங்குவதால் மைக்கின் பேட்டரி அளவுகாட்டி முன்கூட்டியே எச்சரித்துவிடும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோ 1.2 வோல்ட்டிலேயே நெடுநேரம் நின்று, கடைசியில் சடாரென்று விழும். தேவிபட்டினத்தில் ஒரு சொற்பொழிவின் நடுவே என் மைக் அப்படித்தான் ஊமையாகிப்போனது. பேசியவரின் உதடு மட்டும் அசைந்தது.

ஆனாலும் நான் நிக்கல் பக்கம்தான். நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம், குப்பையும் குறைவு. மைக்கின் அமைப்பில் பேட்டரி வகையை நிக்கல் என்று மாற்றிவைத்து, இடைவேளையிலேயே செல்லையும் மாற்றிவிடுகிறேன். தீர்ந்த ஆல்கலைனை உள்ளேயே விட்டால் காரம் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூக்கும். மிச்சத்தை இந்த உப்புக்காற்று தின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு ஜோடி ஆல்கலைன் மட்டும் பையில் இருக்கிறது, உறை பிரிக்காமல்.