649 ரூபாய் முகப் பிரஷ்: ஆறு மாதம் தேய்த்துப் பார்த்தபின்

முதலில் வாங்கியது முகத்துக்கான பிரஷே அல்ல என்று தெரிய எனக்குப் பத்து நாள் ஆனது. நாகர்கோவில் வடசேரியில் பஸ் மாறும்போது ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நுழைந்து, தண்ணீர் தொடாமல் முகத்தில் தேய்க்கிற பிரஷ் இருக்கிறதா என்று கேட்டேன். கடைப் பையன் யோசிக்கவே இல்லை. 180 ரூபாய்க்கு ஒன்றை எடுத்து நீட்டினான். கற்றாழை நாரில் செய்தது, உடம்புக்கானது. முகத்தில் வைத்தால் ஈர்க்குத் துடைப்பம் கொஞ்சுவதுபோல் இருந்தது. கன்னத்தில் கோடு கோடாகச் சிவந்தபோதும், தேய்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெங்களூரிலிருந்து வந்த அக்காள் மகள்தான் அதைப் பார்த்துவிட்டு, "சித்தி, இது முதுகு தேய்க்கிறது" என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்துத் தந்த இரண்டாவது பிரஷைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. வெள்ளாட்டு ரோமம், உள்ளங்கைக்குள் அடங்கும் மரப்பிடி, ஆன்லைனில் 649 ரூபாய். பெயரைச் சொல்லிப் பயனில்லை. இதே பிரஷ், இதே படத்தோடு நான்கு பெயர்களில் விற்கிறது. முழங்கையின் உட்புறத்தில் தேய்த்துப் பார்த்தேன். குத்தவில்லை. சோதனைக்கு அதுவே போதும்.

எனக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். வீடு தக்கலைக்கு அருகில், வேலை ஆரல்வாய்மொழியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எங்கள் ஊரில் துணி காயாது. அதே நாளில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனால் மழை இருக்காது, காற்று மட்டும் முகத்தில் அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை பிடிக்கிற பழக்கம் வேறு. ஆனி, ஆடி இரண்டு மாதமும் கன்னம் சொரசொரவென்று ஆகிவிடும். பவுடர் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். வயது நாற்பத்தொன்பது. தோலின் மேலடுக்கு புதிதாக மாற இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயது கூடக்கூட அது இழுத்துக்கொண்டே போகும். செத்த தோல் போகாமல் உட்கார்ந்திருக்கிறது, பிரஷ் அதைத் தள்ளிவிடும் என்பதுதான் நான் போட்ட கணக்கு.

கன்னத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. குளிப்பதற்கு முன், முகத்தில் எண்ணெயோ க்ரீமோ இல்லாதபோது, கழுத்திலிருந்து மேல்நோக்கி, மூக்கிலிருந்து காதை நோக்கி, நெற்றியின் நடுவிலிருந்து இரு பக்கமும். கண்ணிமைப் பக்கம் போவதில்லை. மொத்தம் ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுதும் உலர்வதற்குள் வாசனையில்லாத ஈரப்பத க்ரீம். மூன்றாவது வாரத்தில் கன்னத்தைத் தொட்டால் வழவழப்பு தெரிந்தது, பவுடர் ஒட்டியது. இது உண்மை, இதை மறுக்க மாட்டேன்.

க்ரீமுக்கு முன்னால் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு க்ரீமுக்குக் காசு கொடுப்பதா என்று வீட்டுத் தேங்காயெண்ணெயைத்தான் முதலில் தடவினேன். பத்தே நாளில் நெற்றி முழுவதும் கடுகு தூவியதுபோல் சிறு பருக்கள். தேங்காயெண்ணெய் பலருடைய முகத்தில் துளைகளை அடைக்கும். தலைக்கும் கைகாலுக்கும் அதை அடிக்க வேறொன்று இல்லை, முகத்தை மட்டும் விட்டுவிடலாம்.

அம்மா முதல் நாளே இந்தப் பிரஷைச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். அவள் முப்பது வருடம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோல் உரிக்கிற பிரிவில் இருந்தவள். போர்மா என்கிற சூட்டறையில் காய்ந்து வருகிற முந்திரிப் பருப்பின் சிவந்த தோலை, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. நான் தேய்ப்பதைத் திண்ணையில் இருந்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மக்களே, தானாக வருகிற தோலை மட்டும் எடு. வராததை இழுத்தால் பருப்பு உடையும்." இந்தப் பிரஷுக்கு அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த பயன்பாட்டு முறையைவிட இது எவ்வளவோ மேல். பெட்டியில் தினமும் தேய்க்கச் சொல்லியிருந்தது. நான் வாரத்துக்கு ஒரு முறை, காற்று மாதங்களில் இரண்டு முறை. அதற்கு மேல் போன ஒரு வாரத்தில் க்ரீம் போட்டாலே எரிந்தது. தோலின் காப்பு அடுக்கே தேய்ந்துவிட்டது என்பதற்கு அந்த எரிச்சல்தான் அடையாளம்.

ஆனால் மூக்கோரமும் புருவமும் சரியாகவில்லை. அங்கேதான் செதில் அதிகம், அதனால் அங்கேதான் அதிகம் தேய்த்தேன். தேய்த்த அன்று சுத்தமாக இருக்கும், மூன்றாம் நாள் முன்பைவிடச் சிவந்து, மஞ்சள் படிந்த செதிலாக நிற்கும். ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, காதுக்குப் பின்னால் அரிக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். அரிக்கத்தான் செய்தது. செபோரிக் டெர்மடைட்டிஸ், தலையில் வந்தால் பொடுகு என்கிறோமே, அதன் உறவுதான். எண்ணெய் அதிகம் சுரக்கிற இடங்களில் வரும், தோலில் எப்போதும் குடியிருக்கிற ஒரு ஈஸ்டுக்கும் அதில் பங்குண்டு. செதிலாக உதிர்வதெல்லாம் வறட்சி என்று எண்ணி, வீக்கத்தில் இருந்த தோலை நான் இரண்டு மாதம் பிரஷால் தேய்த்திருக்கிறேன். பூஞ்சைக்கு எதிரான ஒரு க்ரீமில் இரண்டே வாரத்தில் அடங்கியது. பிரஷை அந்த இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார். பரு, எக்சிமா, வெயிலில் வெந்த தோல், காயம் எதன் மேலும் ஆகாது. ரெட்டினால் என்கிற வைட்டமின் ஏ வகை க்ரீம் போடுகிறவர்கள் அதையும் பிரஷையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்.

இனி பெட்டியின் மேலிருந்த வாக்குறுதிகள். நச்சு நீங்குமாம், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொண்டிருக்கின்றன. முகம் பளிச்சென்று ஆகுமாம். தேய்த்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து வருகிற சிவப்பு அது, பஸ் நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் போய்விடும். சுருக்கம் மறையுமாம், என் நெற்றியில் மூன்று கோடு இருந்தது, இப்போதும் மூன்று. நிறம் கூடும் என்றதுதான் எனக்குக் கோபம் வரவழைத்தது. நம்முடையதுபோன்ற மாநிறத் தோலை ஓயாமல் உரசினால் அது கறுக்கத்தான் செய்யும். என் மாமா வருடக்கணக்கில் நைலான் நாரால் தேய்த்துத் தேய்த்தே காறை எலும்பின் மேல் கறுப்புப் பட்டை வாங்கினார். அழுக்கு என்று எண்ணி அதை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

பராமரிப்புதான் இந்தப் பிரஷின் பெரிய தொல்லை. வாரம் ஒரு முறை குழந்தைகளுக்கான ஷாம்புவில் ரோமத்தை மட்டும் அலசி, மரம் நனையாமல், ரோமம் கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் காயவைக்க வேண்டும். பெங்களூரில் அது சரி. ஆடிச் சாரலில் எங்கள் வீட்டில் இரண்டு நாளாகியும் காயவில்லை. குளியலறையைத் திறந்தால் மழையில் நனைந்த ஆடு உள்ளே நிற்பதுபோல் வாசம். மூன்றாம் வாரம் பிடியின் அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. தேய்த்துக் கழுவி, அன்றிலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், அந்தச் சூட்டில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். இதுவரை ரோமம் உதிரவில்லை, பிடி ஆடவில்லை. செய்நேர்த்திக்குக் குறை சொல்ல முடியாது.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். முகம் வறண்டு, வேறு கோளாறு எதுவும் இல்லாதவர்களுக்கு மூன்று. ஆனால் 649 ரூபாய் அதிகம். ஈரத் துண்டை முறுக்கிப் பிழிந்து மெல்ல ஒற்றித் துடைத்தாலும், சிறுபயறு மாவைக் குழைத்து இலேசாகத் தடவிக் கழுவினாலும் இதில் முக்கால் பங்கு கிடைக்கும். பிரஷைக் காயவைக்கிற தொல்லையும் இல்லை. எதைச் செய்தாலும் மறுநாள் வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் வேண்டும்.

அந்த 180 ரூபாய் கற்றாழை நார்ப் பிரஷை இப்போது அம்மா எடுத்துக்கொண்டாள். ராத்திரி படுப்பதற்கு முன் குதிகாலை அதனால் நாலு தேய் தேய்த்து, மேலே தேங்காயெண்ணெய் போட்டுக்கொள்கிறாள். வெடிப்பு பாதி மூடிவிட்டது. அவளுடைய பிரஷுக்கு ஐந்துக்கு ஐந்தாம்.