அமீல் எஸ்: இரத்த அழுத்தத்திற்கென விற்கப்படும் புளித்த பால் பானம்

1919 முதல் புளிப்பும் இனிப்பும் கலந்த பால் பானத்திற்குப் பேர்பெற்ற ஜப்பானின் கல்பிஸ் நிறுவனம், இரத்த அழுத்தம் சற்றே கூடியிருப்பவர்களுக்காக உருவாக்கிய 'அமீல் எஸ்', 1997-இல் அந்நாட்டு அரசின் சிறப்பு உடல்நல உணவு அனுமதியைப் பெற்றது. சுவையில் குறை சொல்ல ஏதுமில்லை; நீர் சற்றுக் கூடிய இனிப்பு மோர் போலிருக்கிறது.

இதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. லாக்டோபாசில்லஸ் ஹெல்வெடிகஸ் என்னும் நுண்ணுயிர், பாலின் கேசின் புரதத்தைச் சிதைக்கும்போது, வேலின்-புரோலின்-புரோலின், ஐசோலூசின்-புரோலின்-புரோலின் என்ற இரு குறும் பெப்டைடுகள், அதாவது சிறு புரதத் துண்டுகள், பிறக்கின்றன. மூன்றே அமினோ அமிலங்களால் ஆனவை என்பதாலும், புரோலின் மிகுந்தவை என்பதாலும் இவை செரிமான நொதிகளுக்கு எளிதில் இரையாவதில்லை. இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டும் ஆஞ்சியோடென்சின் 2 என்னும் பொருள் உருவாகக் காரணமான நொதியை இவை தடுப்பதாகச் சோதனைக்கூடத்தில் தெரிகிறது. கேப்டோபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் தடுப்பது அதே நொதியைத்தான், ஆனால் பன்மடங்கு வலுவாக.

மனிதர்களிடம் கிடைத்த முடிவுகளோ ஒருமித்தவை அல்ல. ஜப்பானிய ஆய்வுகளில் அழுத்தம் ஓரளவு இறங்கியது. ஐரோப்பியரிடம் அந்த இறக்கம் மிகச் சிறிது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் இந்தப் பெப்டைடுகளுக்கும் சீரான இரத்த அழுத்தத்திற்கும் காரண-விளைவு உறவு நிறுவப்படவில்லை என்று கூறிவிட்டது. ஆகவே சுவைக்காக வாங்குவதில் தடையில்லை. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.