திருகோணமலை உவர்மலையில நடக்கிற கிரேக்க ரோம நாகரிகம் ஏஎல் (உயர்தர) டியூசன், மகள் ஆறு மாசம் போனதில கண்டது

ஏஎல் ஆர்ட்ஸ் செய்யிற பிள்ளையளின்ட அம்மாமார் ரெண்டு மூண்டு பேர் இந்த டியூசன் எப்பிடியெண்டு கேட்டவை, அதான் எழுதுறன். ஒரு வீட்டு விறாந்தையிலதான் கிளாஸ். மகளக் கூட்டிக்கொண்டு போய் வாசல்ல நிண்டு நிண்டே அரைவாசி சிலபஸ் எனக்கும் பாடமாப்போச்சு.

முதல் நாள் டவுண் பிள்ளையள் ஒரு பக்கம், கிண்ணியாப் பிள்ளையள் ஒரு பக்கம், தம்பலகாமத்தால வாறதுகள் பின் வாங்கில எண்டு தன்பாட்டில பிரிஞ்சு இருந்ததுகள், படிப்பிக்கிற சேர் எல்லாரையும் எழுப்பி ஒவ்வொரு வாங்கிலயும் மூண்டு பக்கத்தாலயும் ஆள் இருக்கோணும் எண்டு மாத்தி இருத்திப்போட்டுத்தான், பழைய கிரேக்க நகரமான ஏதென்சில சனநாயகத்துக்கு அடிபோட்ட கிளெய்ஸ்தனிஸ் பற்றின பாடத்தத் தொடங்கினார். கிமு 508 அளவில அந்த மனுசன் ஏதென்ஸ் ஆக்கள 10 கூட்டமாப் பிரிக்கேக்க ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயும் நகரம், கரையோரம், உள்நாடு மூண்டிலயும் இருந்து ஒவ்வொரு பங்கு சேர்த்தவராம், பிறகு கூட்டத்துக்கு 50 பேர் படி 500 பேர் சபை, அதுக்கும் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுக்கிறது. நோட்ஸ் பாத்து மனப்பாடம் பண்ணினா இது மறந்துபோகும், அந்த வாங்கில இருந்து படிச்ச பிள்ளைக்கு மறக்காது.

மேசையில ஒரு பழைய பால்மா டின் இருக்கும், உள்ளுக்கு முழுக்கக் கௌபி, ஒரேயொரு வெள்ளை அவரைக்கொட்டை. கண்ண மூடிக்கொண்டு அந்தக் கொட்டைய எடுக்கிற பிள்ளைதான் அண்டைக்குத் தலைமை, சேரும் கை தூக்கிக் கேட்டுத்தான் கதைக்கோணும். ஏதென்சிலயும் அவரைய வச்சுத்தான் பதவிக்கு ஆள் எடுத்தவை, சபைத் தலைமை ஒரு பகல் ஒரு ராத்திரிதான், அரச முத்திரையும் கருவூலச் சாவியும் அந்த நேரம் அவன்ட கையில, அதே ஆளுக்கு வாழ்நாளில ரெண்டாந்தரம் கிடையாது.

அரிஸ்டோட்டில் பாடம்தான் எனக்கு நெஞ்சில நிக்குது. நட்பா இருக்கிற ஆக்களுக்கு நீதி தேவைப்படாது, நீதியா இருக்கிற ஆக்களுக்கோ நட்பும் வேணும் எண்டாராம். கூடித் திரியிற சிநேகிதம் மட்டுமில்ல, ஒரே ஊரில இருக்கிற மற்றவனும் நல்லா இருக்கோணும் எண்டு நினைக்கிறதும் நட்புத்தான் எண்டு சேர் விளங்கப்படுத்தினார்.

குறையும் சொல்லோணும். பெண்கள், அடிமைகள், வெளியூரால வந்து குடியிருந்த ஆக்கள் ஒருத்தருக்கும் அந்த ஏதென்ஸ் சபையில இடமில்ல, அத அரை மணித்தியாலத்தில முடிச்சுப்போட்டார். கிளாசில முக்கால்வாசி பொம்பிளப் பிள்ளையள், அதுகளுக்கு அத இன்னும் ஆழமாச் சொல்லியிருக்கலாம். காத்தாடியும் ஒண்டுதான், போட்டோகொப்பி மங்கல்.

நாலு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிஞ்சா கிண்ணியாப் பிள்ளையளுக்கு பஸ் தவறிப்போகும். ஒரு நாள் கொட்டை விழுந்தது அங்கயிருந்து வாற, வாயே திறக்காத ஒரு பிள்ளைக்கு, அவ எழும்பி நேரத்த மாத்துவமா எண்டு மட்டும் கேட்டா. டவுண் பிள்ளையள்தான் கூட, அதுகளுக்கு ஸ்கூல் விட்டுச் சாப்பிடவும் நேரம் காணாது, எண்டாலும் முதல்ல கை தூக்கினது அதுகள்தான், என்ட மகளும் தூக்கினவ. இப்ப மூண்டு மணிக்கே தொடங்குது, சேர்க்கிறதெண்டா பிள்ளைக்குச் சோறு கட்டிக் குடுத்து விடுங்கோ.