சின்ன மரச் சாமானுக்கு மெட்டாலிக் பெயின்ட்: புதுச்சேரி, கடலூர் கடைகளில் எதை வாங்கலாம்?

புதுச்சேரி நேரு வீதி ஸ்டேஷனரிக் கடையிலும், கடலூர் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் ஹார்டுவேர் கடையிலும் "கோல்டு பெயின்ட் வேணும்" என்று கேட்டால் நான்கு விதமான சரக்கை எடுத்துக் காட்டுவார்கள். 10, 15 மில்லி அக்ரிலிக் பாட்டில், சின்ன எனாமல் டப்பா, தங்கப் பொடி, ஸ்ப்ரே கேன். பூசிய அன்றைக்கு நான்கும் பளபளவென்றுதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் உப்புக்காற்றும் ஒரு சுற்றுப் போன பிறகு பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கொலு பொம்மை, குங்குமச் சிமிழ், சாவிப் பலகை, நகைப்பெட்டி, விளையாட்டுச் செப்புச் சாமான் என்று கைக்கு அடங்குகிற மர வேலைகளுக்கு எது நிற்கும் என்பதே இந்த விமர்சனம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடலோரத்தில் இந்த அளவு வேலைக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மெட்டாலிக் பாட்டில்தான் சரி. ஃபெவிக்ரில், கேமல் இரண்டிலும் மெட்டாலிக் வரிசை உண்டு, இரண்டும் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கின்றன. எந்தக் கம்பெனி என்பதற்கு மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, பூச்சுக்கு அடியில் என்ன போடுகிறோம் என்பதில் கவனம் வைத்தால் பலன் பல மடங்கு.

தங்கப் பொடியைத்தான் நிறையப் பேர் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். காரணம் நியாயமானது. புதிதாகப் பூசியபோது அதன் மினுமினுப்புக்கு எந்தப் பாட்டிலும் ஈடு கிடையாது. ஆனால் அது தங்கமல்ல, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தின் மெல்லிய செதில். செம்பு இருக்கிற இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் கருக்கும், பச்சை பிடிக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து மீட்டுவிடலாம், மரத்தின் மேல் பூசிய பொடியை அப்படித் தேய்க்க வழியே இல்லை. மேலே வார்னிஷ் அடித்தால் கருத்துப்போவது தள்ளிப்போகும், ஆனால் நிற்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் பொடியைத் தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் மீடியத்தில், அதாவது பொடியைப் பிடித்து ஒட்டவைக்கும் திரவத்தில், கலந்து வைத்தால் மறுநாளே கெட்டியாகிப் பச்சையாகத் திரியலாம், ஏனென்றால் அக்ரிலிக் மீடியம் காரத்தன்மை உள்ளது. வெள்ளிப் பொடி என்று விற்கும் அலுமினியப் பொடி இதைவிட வம்பு. தண்ணீர் மீடியத்தில் அது ஹைட்ரஜன் வாயுவை விடும், மூடி இறுக்கிய பாட்டில் உப்பி மூடி தெறிக்கும். பொடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் தின்னர் சார்ந்த மீடியத்தில், அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலக்குங்கள். மூக்கில் மாஸ்க் இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

எனாமல் டப்பாவில் வரும் கோல்டு பெரும்பாலும் இதே பொடியை எண்ணெய் ரெசினில் கலந்ததுதான், அதனால் அதே நோய் அதற்கும் வரும். சில்வர் எனாமலில் வேறு குறை. அதன் அலுமினியச் செதில்கள் மேற்பரப்புக்கு மிதந்து வந்து படியும் வகையாக இருந்தால் கண்ணாடி போல மின்னும், ஆனால் விரலால் தேய்த்தால் விரலில் வெள்ளி ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் வார்னிஷ் அடித்தால் மிதந்த செதில் கலைந்து வெறும் சாம்பல் நிறமாகிவிடும். ஜன்னல் கம்பிக்குச் சரி, குழந்தை கையில் எடுக்கும் பொம்மைக்கு வேண்டாம்.

ஸ்ப்ரே கேன் அகலமான தட்டையான பலகைக்கு நல்லது. அரையடிக்கும் குறைந்த பொம்மை என்றால் பாதி பெயின்ட் காற்றோடு போகிறது. மதியம் கடல்காற்று ஏறிய பிறகு மாடியில் நின்று அடித்தால் பக்கத்து வீட்டுத் துணிக்குத்தான் தங்க முலாம். மழை ஈரத்தில் அடித்தால் மேலே வெள்ளை மூட்டம் படியும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் நீராக இறங்குவதால் வருவது அது. வெயில் ஏறிய, காற்று அடங்கிய காலை நேரத்தில், 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே கோட்டாக, அதாவது ஒரே பூச்சாக, அடிக்காமல் மூன்று மெல்லிய கோட்டாக அடிப்பது பாதுகாப்பு. கேனில் உள்ள வாயு தீப்பிடிக்கும் என்பதால் அடுப்படிப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இனி பாட்டிலுக்கு வருவோம். கடை ரேக்கில் மெட்டாலிக், பேர்ல் என்று இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார். பேர்ல் என்பது மைக்கா, அதாவது அபிரகச் செதிலின் மேல் டைட்டானியம் டையாக்சைடு ஏற்றியது. பாதி ஊடுருவித் தெரியும், கீழே உள்ள நிறத்தை மறைக்காது. மெட்டாலிக் தங்கத்தில் பெரும்பாலும் மைக்காவின் மேல் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, இருக்கும். அதனால்தான் அது கருக்காது, துருவுக்கு மேல் அது இன்னும் என்ன துருப்பிடிக்கப் போகிறது! வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு கறுப்புச் சார்ட் துண்டு, ஒரு வெள்ளைத் துண்டு இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு தடவிப் பாருங்கள். வெள்ளையில் காணாமல் போய், கறுப்பில் மட்டும் ஜொலித்தால் அது பேர்ல். இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால் மெட்டாலிக். வாங்கும்போது பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் கட்டி அசையாமல் நின்றால் பழைய சரக்கு. வீட்டில் திறந்ததும் குலுக்காமல் ஒரு மூங்கில் குச்சியால் அடி வரைக்கும் மெதுவாகக் கிளறுங்கள். குலுக்கினால் குமிழி வரும், மெட்டாலிக்கில் ஒவ்வொரு குமிழியும் தனிப் புள்ளியாகத் தெரியும்.

எத்தனை பாட்டில்? அக்ரிலிக் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 8 முதல் 10 சதுர மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லி பாட்டில் 800 முதல் 1000 சதுர சென்டிமீட்டர். 10க்கு 10, உயரம் 7.5 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டியின் வெளிப்புறம் 500 சதுர சென்டிமீட்டர். மூன்று கோட்டு என்றால் 1500. ஆக ஒரு பாட்டில் போதாது, இரண்டு வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேட்ச் எண் பார்த்து வாங்குங்கள், பேட்ச் மாறினால் தங்கத்தின் மஞ்சளில் இலேசான வித்தியாசம் தெரியலாம்.

மெட்டாலிக் பூச்சுக்கு இரக்கமே கிடையாது. சாதாரண நிறம் மறைத்துவிடும் ஒவ்வொரு கீறலையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். அதனால் உப்புத்தாள் வேலைதான் பாதி வேலை. 120ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து 180, 220 என்று இழை போகும் திசையிலேயே தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து உலரவிட்டால் மரத்தின் இழை முள் முள்ளாக எழும்பும், அதை 320ல் மெல்லத் தட்டிவிட்டுத்தான் பிரைமர், அதாவது முதல் அடிப்பூச்சு. இழை குறுக்கே அறுபட்ட வெட்டுமுனைப் பக்கம் பெயின்டை உறிஞ்சிக் குடிக்கும், அங்கே மட்டும் ஒரு பிரைமர் கோட்டு கூடுதலாகப் போடுங்கள். லேசர் வெட்டிய எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) துண்டுகளின் ஓரத்தில் கரி இருக்கும், அதைத் தேய்த்து எடுக்காமல் பூசினால் வெள்ளி ஓரம் அழுக்காகத் தெரியும்.

பண்ருட்டிப் பக்கம் பலாத் துண்டு தாராளமாகக் கிடைப்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டும். பலாவின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், மஞ்சள் சாயம் இருக்கிறது, புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் போட அதைத்தான் காய்ச்சி எடுப்பார்கள். அந்தச் சாயம் காரத்தன்மையுள்ள அக்ரிலிக் பிரைமரில் கரைந்து மேலே ஏறும். முதலில் வெள்ளைப் பிரைமர் எலுமிச்சை நிறமாகும், நீங்கள் இன்னொரு கோட்டு போட்டால் அதுவும் ஆகும். தங்கத்துக்குக் கெடுதல் இல்லை. வெள்ளி பூசினால் பழைய பித்தளை போல ஆகிவிடும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ், ஷெல்லாக் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதை இரண்டு மெல்லிய கோட்டு அடித்து மரத்தை அடைத்துவிட்டுப் பிறகு பிரைமர் போடுங்கள். முதல் கோட்டு கொஞ்சம் மஞ்சள் இழுக்கும், இரண்டாவது அடைத்துவிடும். பைன் மரத்தின் கணுவுக்கும் இதே மருந்து. தேக்கில் எண்ணெய் இருப்பதால் பிரைமருக்கு முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட வேண்டும். செம்மரத்து மரப்பாச்சிக்கு மட்டும் அரக்குப் பாலிஷ் வேண்டாம், அதன் சிவப்பு ஸ்பிரிட்டில் கரைந்து வழியும். உண்மையில் மரப்பாச்சியை முழுக்கப் பூசி மறைப்பதே பாவம், கழுத்துக்கும் இடுப்புக்கும் மெல்லிய தங்கக் கோடு போதும்.

அடிநிறம் எது என்பதுதான் மெட்டாலிக்கின் குணத்தைத் தீர்மானிக்கிறது. தங்கத்துக்கு அடியில் காவிச் சிவப்பு பூசினால் கோயில் கவசம் போன்ற சூடான நிறம் வரும். மஞ்சள் காவி பூசினால் விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியாது, புதிதாகச் செய்பவர்களுக்கு அதுவே நல்லது. வெள்ளிக்குக் கறுப்பு அல்லது அடர் சாம்பல், செம்புக்குக் காப்பிக்கொட்டை நிறம். வெறும் வெள்ளைப் பிரைமர் மேல் நேராகத் தங்கம் பூசியவர்கள்தான் ஐந்து கோட்டு ஆகியும் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று பாட்டிலைக் குறை சொல்கிறார்கள். அடிநிறம் உலர்ந்ததும் 400ஆம் நம்பர் உப்புத்தாளால் ஒரு தடவு. அதற்குப் பிறகு, மெட்டாலிக் ஏறியபின், உப்புத்தாள் கிட்டவே போகக் கூடாது. செதில் அறுந்து அந்த இடம் மட்டும் மங்கிப்போகும், மறுபடி முழுப் பக்கமும் பூச வேண்டி வரும்.

பன்றிமுடிப் பிரஷ் வேண்டாம், அரையங்குல அகல மென்மையான நைலான் பிரஷ் எடுங்கள். தண்ணீர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் செதில் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரியும். ஒரு பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் திரும்பப் பிரஷ் வைத்தால் செதில்கள் திசை மாறி நிற்கும். சாய்த்துப் பார்க்கும்போது ஒரு கீற்று வெளிச்சமாகவும் பக்கத்துக் கீற்று இருட்டாகவும் தெரிவது அதனால்தான். முதல் கோட்டு நிச்சயம் அசிங்கமாகத்தான் இருக்கும், பதறிப்போய் அதன் மேலேயே தடிமனாக அப்பாதீர்கள். வெயில் காலத்தில் முக்கால் மணி நேரம், மழை நாளில் இரண்டு மணி நேரம் விட்டு அடுத்தது. உருண்டையான பொம்மை உடலுக்குக் கடைசிக் கோட்டை ஸ்பாஞ்சு துண்டால் ஒத்தி எடுத்தால் பிரஷ் கோடே இருக்காது.

மேலே வார்னிஷ் தண்ணீர் சார்ந்த கிளாஸ் (முழுப் பளபளப்பு) அல்லது சாட்டின் (அரைப் பளபளப்பு) அக்ரிலிக் மட்டும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷில் இருக்கும் சிலிக்கா பளபளப்பைக் கொன்றுவிடும், எண்ணெய் வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளித்து வெள்ளியை மாற்றிவிடும். மெட்டாலிக் முடித்த பிறகு குறைந்தது ஒரு நாள், மழைக்காலமானால் இரண்டு நாள் பொறுத்து அடியுங்கள்.

குழந்தைகள் வாயில் வைக்கும் செப்புச் சாமானுக்கு எந்த மெட்டாலிக்கும் பூசாமல் இருப்பதே எங்கள் கருத்து. விற்பனைக்குப் பொம்மை செய்பவர்கள் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதையும், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அக்ரிலிக்கின் ஒரே பெரிய குறை, ஈர வெக்கையில் இளகி ஒட்டிக்கொள்வது. பெட்டியின் மூடி உட்காரும் விளிம்பில் பூசினால் மூடி திறக்கும்போது பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும். அந்த விளிம்பைப் பூசாமல் விடுங்கள், பூசித்தான் ஆக வேண்டும் என்றால் வார்னிஷ் ஒரு வாரம் காய்ந்த பிறகு மெழுகுவத்தியை அதன் மேல் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். கொலு முடிந்து பரணில் ஏற்றும்போது செய்தித்தாள் சுற்ற வேண்டாம், எழுத்து பதிந்துவிடும். குமிழி பிளாஸ்டிக் சுற்றினால் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். துவைத்துப் பழசான பருத்தி வேட்டித் துண்டில் ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியே சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று அமுங்காமல் வையுங்கள்.