பெரம்பூர்ல கிடைச்ச டச்சஸ்

இந்த தடவை மூணு வாரம் சென்னைல இருந்தேன். கல்யாணம், பேங்க், ஆதார் எல்லாம் முடிஞ்சுது, அதெல்லாம் விடுங்க. சொல்ல வந்தது ஒரு பழைய மாடல் ரயில் இஞ்சின் பத்தி.

பிராண்ட் ஹார்ன்பி டப்ளோ, இஞ்சின் பேரு டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ், நம்பர் 46232, பச்சை கலர். லிவர்பூல்ல மெக்கானோ ஃபேக்டரில பண்ணினது, 1964ல கம்பெனி ட்ரையாங்னு இன்னொரு பொம்மை ரயில் பிராண்ட் ஆளுங்க கைக்கு போறதுக்கு முன்னாடி. பாடி வார்ப்பு உலோகம், கைல எடுத்தாலே கனம் தெரியும். நான் இருக்கிறது லண்டன் பக்கம் க்ராய்டன், அங்கயே தேடினா கிடைக்கும்தான், ஆனா விக்கிறவங்க பாதி பேர் 'அன்டெஸ்டட்', அதாவது ஓட்டிப் பாக்கலைன்னு ஒரு வார்த்தை போட்டுட்டு நிறுத்திக்குவாங்க, ஓடுமான்னு கேட்டா பதில் வர மூணு நாள்.

இங்கயும் விக்கிறேன்னு முதல்ல மாட்டினவர் மோசம். நேர்ல வாங்க பேசிக்கலாம்னு சொல்லி அந்த வெயில்ல ஆவடி வரைக்கும் வரவச்சு போனை ஆஃப் பண்ணிட்டார். அவ்வளவு கோவம் எனக்கு. மூர் மார்க்கெட் இருந்த காலத்துல பாதி விலை கேட்டு ரெண்டு அடி நடந்தா கூப்பிட்டு குடுப்பாங்க, கடையை மூடிட்டு ஓட மாட்டாங்க.

அப்புறம்தான் இதை வித்த பெரம்பூர்காரர். ராத்திரி பத்தேகால் இருக்கும், மோட்டார் ஓடுதான்னு கேட்டு மெசேஜ் போட்டேன், ரெண்டே நிமிஷத்துல பதில். "ஓட்டி இருபது வருஷம் ஆச்சு சார், பத்து நிமிஷம் டைம் குடுங்க." சொன்ன மாதிரியே வீடியோ வந்துச்சு. சமையல் மேடைல துண்டை மடிச்சு போட்டு இஞ்சினை கவுத்து வச்சிருக்கார், பக்கத்துல பைக் பேட்டரி, ரெண்டு வயர். இது மூணு தண்டவாள வண்டி, நடு தண்டவாளத்துல இருந்துதான் கரண்ட் எடுக்கும், அதனால ஒரு வயரை அடில இருக்கிற அந்த தகட்டுலயும் இன்னொண்ண சக்கரத்துலயும் தொட்டார். ஒரு சின்ன பொறி, ஒரு முனகல், ஆறு பெரிய சக்கரமும் சுத்த ஆரம்பிச்சுது. நான் அதை எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கே இல்ல.

மோட்டாரை யாராவது கழட்டினாங்களான்னு கேட்டேன், ஏன்னா இந்த பழைய மோட்டார்ல ஆர்மேச்சரை, அதான் உள்ள சுத்துற பாகத்தை, வெளிய எடுத்தா காந்தம் வீக் ஆயிடும். "இருங்க சார், அம்மாவ கேட்டு சொல்றேன்"னார். ரயில்வே லோகோ ஒர்க்ஸ்ல வேலை பாத்த தாத்தா யாரையும் தொடவே விடலையாம். கேக்காமலே டெண்டர்ல, அதான் இஞ்சின் பின்னாடி வர்ற கரி வண்டில, ஒரு பஃபர் (இடி தாங்கற முட்டு) உடைஞ்சிருக்கிறதையும் பெயின்ட் போன இடத்தையும் கிட்ட வச்சு போட்டோ எடுத்து அனுப்பினார். இந்த நேர்மைக்கு நான் பேரமே பேசல, 6,500 ரூபா, அப்படியே குடுத்தேன்.

பழைய பிஸ்கட் டின்ல, தாத்தாவோட வேட்டி துணிய சுத்தி குடுத்தார். தண்டவாளத்தை வட்டமா லூப் போட்டு ஓட்டினா ஒரு வீடியோ அனுப்புங்க சார், அம்மா பாக்கணும்கிறாங்கன்னு கேட்டார். தண்டவாளம் ஏற்கனவே வீட்ல இருக்கு, சனிக்கிழமை போட்டுடுவேன்.