புள்ளியா, எண்ணா: யுஎல்லும் ஓஎல்லும்

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் பட்டியல் போட முக்கியமாக இரண்டு டேக் (பிரௌசருக்குச் சொல்லும் குறி) உண்டு. யுஎல் போட்டால் வரிக்கு முன்னால் புள்ளி, ஓஎல் போட்டால் எண். இரண்டிலும் ஒவ்வொரு வரியும் எல்ஐ என்ற இன்னொரு டேக்குக்குள்தான் இருக்கும். எதைப் போடுவது என்று குழப்பமாக இருந்தால், வரிகளைக் கலைத்துப் போட்டால் அர்த்தம் கெடுமா என்று மட்டும் பாருங்கள்.

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ரயில் போகும் ஊர்களை எழுதுகிறீர்கள், இதைக் கலைத்தால் ஆம்பூரில் இறங்க வேண்டியவர் திண்டாடுவார், ஆகவே ஓஎல். இடையில் லத்தேரியைச் சேர்த்தாலும் எண்களை பிரௌசரே மாற்றிக்கொள்ளும்; கையால் 1, 2 என்று டைப் செய்தவர்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். ஓஎல் டேக்கின் ஸ்டார்ட் என்ற பண்பில் 3 கொடுத்தால் எண் 3இலிருந்து ஆரம்பிக்கும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் வழியாக ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களைக்கூட வரவைக்கலாம், அழகாகத்தான் இருக்கும், படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

வேலூரில் பார்க்க வேண்டிய இடங்களுக்கு யுஎல் போதும். ஆனால் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அரசு அருங்காட்சியகமும் கோட்டைக்குள்ளேயே இருப்பதால் அவற்றை உள்பட்டியலாகப் போட வேண்டும். அந்த உள் யுஎல், கோட்டை என்று எழுதிய எல்ஐயை மூடுவதற்கு முன்னால் வர வேண்டும். மூடிய பிறகு போட்டாலும் திரையில் சரியாகத்தான் தெரியும், அதனாலேயே இந்தப் பிழை யார் கண்ணிலும் படுவதில்லை.

முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு என்றால் இரண்டுமே வேண்டும்: சாமான்களுக்கு யுஎல், செய்முறைக்கு ஓஎல்.