வேலையோடு சேர்த்துத் தொழிலா, வேலையை விட்டுவிட்டா? ஒரு மரச்செக்குக் கணக்கு

கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்துகொண்டே நான்கு வருடமாக மரச்செக்கு எண்ணெய் விற்கிறேன். அதே பிரிவில் இருந்த நண்பர் வேலையை விட்டுவிட்டு இதே தொழிலில் முழுநேரமாக இறங்கினார். அதனால் இரண்டு வழியையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் சாய்வு வேலையை விடாத பக்கம்தான்.

முழுநேரமாக இறங்கினால் நேரம் கிடைக்கும். வேலையில் இருந்தால் பி.எஃப். ஏறும், தூக்கம் குறையும். இது எல்லோருக்கும் தெரிந்தது. என் முடிவைத் தீர்மானித்தது வேறு: தொழிலில் பணம் முடங்கிக் கிடக்கும் மாதங்களில் வீட்டை யார் நடத்துவது?

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அறுவடை நேரத்தில் கைக்காசு கொடுத்து மொத்தமாக எடுத்தால்தான் விலை கட்டும். எண்ணெயைக் கடைகளில் போட்டாலோ, காசு வர முப்பது நாற்பது நாள் ஆகிறது. கடலைக்குக் கொடுத்த பணம் திரும்ப இரண்டு மூன்று மாதம். வாடகையும் கேஸும் அதுவரை காத்திருக்காது.

நண்பரின் எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. சித்திரையில் பாதிக் கடலை வாங்கினார். மீதிக்கு வைத்திருந்த பணம் ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போனது. ஆவணியில் விலை ஏறியபின் வட்டிக்கு வாங்கிக் கடலை எடுத்தார். லாபம் வட்டிக்கே சரியாகப் போனது. முதல் பணத்தைத் தின்றுவிட்டால் நல்ல சரக்கும் கைகொடுப்பதில்லை என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

நான் முதல் வருடம் செக்கே வாங்கவில்லை. வேறொரு செக்கில் கூலிக்கு ஆட்டி, தெரிந்தவர்களுக்கு மாதம் இருபது முப்பது லிட்டர் கொடுத்தேன். செக்கு வந்தபின் பகலில் மனைவி பார்த்துக்கொள்கிறார். பதிவும் உணவு உரிமமும் அவர் பெயரில். இரண்டு வருடம் செக்குக் காசில் ஒரு ரூபாய்கூட வீட்டுக்கு எடுக்கவில்லை. சம்பளம் இருந்ததால் முடிந்தது. நிர்மாவைத் தொடங்கிய கர்சன்பாய் படேலும் 1969இல் குஜராத் அரசு வேலையில் இருந்தபடியேதான் சலவைத்தூள் தயாரித்து சைக்கிளில் கொண்டுபோய் விற்றார்.

ஒன்று முக்கியம்: நியமனக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். என்னுடையதில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று இருந்தது. மேலாளரிடம் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்கினேன்.

இந்த வழியில் நான் இழந்ததும் உண்டு. பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் மானியம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். கிராமப்புறத்தில் பெண்கள் பெயரில் தொடங்கினால் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம். நாங்கள் விசாரித்தபோது, ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று கதவு மூடிவிட்டது. முழுத் திட்டத்தோடு இறங்குகிறவர் பதிவுக்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், நண்பர் இப்போது கூலிக்கு மட்டும் ஆட்டித் தருகிறார். கடலையை ஊர்க்காரர்களே கொண்டுவருகிறார்கள், கூலி கையில் கிடைக்கிறது, முதல் முடங்குவதில்லை. பகல் முழுக்க ஆள் இருந்தால்தான் அது நடக்கும், என்னால் முடியாது. சரக்கே தேவைப்படாத தொழில்களுக்கும், குடும்பப் பொறுப்பு இல்லாத இருபத்து மூன்று வயதுக்காரருக்கும் என் கணக்கு பொருந்துமா என்று அனுபவத்திலிருந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் எப்போது விடுவேன்? ஒரு வருட வீட்டுச் செலவு, செக்கு லாபத்திலிருந்து தனிக் கணக்கில் சேர வேண்டும். கடலைக்கான பணம் அதில் சேராது. இப்போது ஏழு மாதத்துக்குச் சேர்ந்திருக்கிறது. ஆடியில் விதைத்த கடலை ஐப்பசியில் வரும்போது வட்டியில்லாமல் சரக்கு எடுக்க முடிந்தால், மனைவியோடு உட்கார்ந்து தேதி பேசலாம் என்று இருக்கிறோம்.